வருமானம் குறைவு; ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டுமா?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்ததும் ரயில் டிக்கெட் எடுக்கிறோம், மின் கட்டணம் கட்டுகிறோம். வருமான வரி ரிட்டர்ன் என்றால் மட்டும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். "நமக்கு என்ன பெரிய வருமானம்? வரியே கிடையாது, ரிட்டர்ன் எதற்கு?" என்பதுதான் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் அதிகம் கேட்கும் பதில். இந்தப் பதில் சிலருக்குச் சரி. சிலருக்கு அபராதத்தில் முடியும். இன்னும் சிலருக்கு, தங்கள் சொந்தப் பணம் பல ஆயிரம் ரூபாய் அரசிடமே தங்கிவிடும். நீங்கள் எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ள இக்கட்டுரை உதவும். வீட்டில் உட்கார்ந்தபடியே கட்டணம் எதுவும் இல்லாமல் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முறையையும் பார்க்கலாம்.

மாநில அரசுக்குத் தனி ரிட்டர்ன் உண்டா?

அமெரிக்காவில் வேலை செய்யும் பிள்ளைகள் "ஃபெடரல் ரிட்டர்ன், ஸ்டேட் ரிட்டர்ன்" என்று இரண்டைப் பற்றிப் பேசுவார்கள். அங்கே கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் தனியாக வருமான வரி வசூலிக்கின்றன. டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் அது இல்லை. இந்தியாவில் சம்பளம், வட்டி, வியாபாரம் ஆகியவற்றின் மீதான வருமான வரி மத்திய அரசின் வரி. தமிழ்நாடு அரசுக்கென்று தனியாக வருமான வரி ரிட்டர்ன் எதுவும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை.

சம்பளச் சீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை "தொழில் வரி" என்று ஒரு தொகை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் ஊராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சிக்குப் போகிறது. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இந்த வரி இல்லை. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவு சொல்கிறது. தொழில் வரி கட்டியதால் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ததாக ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு.

12 லட்சம் வரை வரி இல்லை என்றார்களே?

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2025 பிப்ரவரி 1 அன்று வெளியான மத்திய பட்ஜெட்டில், புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி கட்ட வேண்டாம் என்று அறிவித்தார்கள். செய்தியைக் கேட்டவர்கள் 12 லட்சம் வரை ரிட்டர்னும் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் இரண்டு எல்லைகள் உள்ளன.

முதல் எல்லை 4 லட்சம் ரூபாய். இதற்கு அடிப்படை விலக்கு வரம்பு என்று பெயர். 2025-26 நிதியாண்டில் புதிய முறைக்கு இதுதான் அளவு. வருமானம் இதைத் தாண்டினால் ரிட்டர்ன் கட்டாயம்.

இரண்டாவது எல்லை 12 லட்சம். நான்கு லட்சத்துக்கு மேல் வரி கணக்கிடப்படும். ஆனால் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கு அந்த வரியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். தள்ளுபடியை வாங்கும் இடமே ரிட்டர்ன்தான்.

பழைய வரி முறையை விரும்பித் தேர்ந்தெடுத்தால் விலக்கு வரம்பு 2.5 லட்சம். அதிலேயே 60 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம், 80 வயது நிரம்பியவர்களுக்கு 5 லட்சம். எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறையே பொருந்தும்.

மூன்று கேள்விகள்

ஒரு புரோகிராமில் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது போல, கீழே உள்ள மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி 1: வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டுகிறதா?

மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் மாதம் 42,000 ரூபாய் சம்பளம் வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5,04,000. புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. கழித்தால் 4,29,000. நான்கு லட்சத்துக்கு மேல் உள்ள 29,000-க்கு 5 சதவீதம், அதாவது 1,450 ரூபாய் வரி. தள்ளுபடியில் அது பூஜ்யமாகிவிடும். வரி இல்லை, ஆனால் ரிட்டர்ன் கட்டாயம். கடைசி நாளைத் தவறவிட்டுத் தாக்கல் செய்தால் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம். (வருமானம் 5 லட்சத்துக்கு மேல் இருந்தால் 5,000.)

இவரே மாதம் 38,000 வாங்கினால் ஆண்டுக்கு 4,56,000; கழிவு போக 3,81,000. வேறு வருமானம் இல்லையென்றால் இந்தக் கேள்வியின்படி ரிட்டர்ன் கட்டாயம் இல்லை. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

கேள்வி 2: வருமானம் குறைவாக இருந்தும் கட்டாயமாக்கும் நிபந்தனை ஏதாவது பொருந்துகிறதா?

ஓர் ஆண்டில் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ரிட்டர்ன் கட்டாயம்.

* வியாபாரத்தில் மொத்த விற்பனை 60 லட்சத்துக்கு மேல்.
* டாக்டர், வக்கீல் போன்ற தொழில் செய்பவர்களுக்கு மொத்த வரவு 10 லட்சத்துக்கு மேல்.
* உங்கள் பெயரில் பிடித்த டி.டி.எஸ்., டி.சி.எஸ். இரண்டும் சேர்ந்து 25,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் (60 வயது நிரம்பியவர்களுக்கு 50,000).
* சேமிப்புக் கணக்குகளில் செலுத்திய மொத்தத் தொகை 50 லட்சம் அல்லது அதற்கு மேல்.
* நடப்புக் கணக்குகளில் செலுத்தியது 1 கோடிக்கு மேல்.
* வெளிநாட்டுப் பயணத்துக்குச் செலவழித்தது 2 லட்சத்துக்கு மேல்.
* மின் கட்டணம் 1 லட்சத்துக்கு மேல்.

முதல் நிபந்தனை பெரிய முதலாளிகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கம் கடைகள் பெருகிவிட்டன. ஒரு சிறிய கடையில் தினம் 16,500 ரூபாய் விற்பனை என்றால் ஆண்டுக்கு 60,22,500 ரூபாய். அவ்வளவும் யு.பி.ஐ. மூலம் வந்தால், சிறு வியாபாரிகளுக்கான எளிய முறையில் 6 சதவீதம், அதாவது 3,61,350 ரூபாயை லாபமாகக் காட்டலாம். லாபம் 4 லட்சத்துக்குக் கீழேதான். இருந்தும் விற்பனை 60 லட்சத்தைத் தாண்டியதால் ரிட்டர்ன் கட்டாயம்.

நிலம் விற்றவர்களும் கவனிக்க வேண்டும். விற்ற பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டால் 50 லட்சம் என்ற அளவை ஒரே நாளில் தொட்டுவிடலாம். தவிர, நிலம் விற்ற லாபமும் வருமானமாகவே கணக்கிடப்படும்.

கேள்வி 3: உங்கள் பணத்தில் டி.டி.எஸ். பிடித்திருக்கிறார்களா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் "இல்லை" என்றால் சட்டப்படி நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். குறைந்த வருமானக்காரர்கள் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான்.

பணம் கொடுப்பவர் ஒரு பகுதியைப் பிடித்து, உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டுவது டி.டி.எஸ். உங்கள் ஆண்டு வருமானம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. அவர் விதிப்படி பிடித்துவிடுகிறார். வரி கட்டும் அளவுக்கு உங்களுக்கு வருமானம் இல்லை என்றால் பிடித்தது முழுவதும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். ஆனால் நீங்கள் ரிட்டர்னில் கேட்காதவரை வராது.

எடுத்துக்காட்டு ஒன்று. ஒரு சிறிய நிறுவனத்தில் சம்பளப் பட்டியலில் சேர்க்காமல் "கன்சல்டன்ட்" என்று வைத்திருக்கிறார்கள். மாதம் 18,000 ரூபாய். அதில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு 16,200 ரூபாய் தருகிறார்கள். ஆண்டு வருமானம் 2,16,000, பிடித்தது 21,600. இவருக்கு வரி இல்லை. பிடித்தது 25,000-க்குக் குறைவு என்பதால் ரிட்டர்னும் கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகமான தொகை அரசிடம் இருக்கிறது. இவரே மாதம் 22,000 வாங்கினால் பிடிப்பது 26,400. அப்போது கேள்வி 2-ன்படி ரிட்டர்ன் கட்டாயமாகிவிடும்.

எடுத்துக்காட்டு இரண்டு. ஓய்வு பெற்ற 65 வயதுக்காரர் ஒரு வங்கியில் 16 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டிருக்கிறார். ஆண்டு வட்டி 1,12,000. மூத்த குடிமக்களுக்கு வங்கி வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். (மற்றவர்களுக்கு 50,000. இந்த அளவுகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தவை.) வங்கியில் பான் எண் கொடுக்காதவர்களுக்கு 20 சதவீதம். இவருக்குப் பிடித்தது 11,200 ரூபாய். வேறு வருமானம் இல்லாததால் முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

இவர் ஆண்டுத் தொடக்கத்திலேயே "எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம்" என்ற உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கொடுத்திருந்தால் பிடித்திருக்கவே மாட்டார்கள். பல ஆண்டுகளாக இது 60 வயதுக்குக் கீழே 15ஜி என்றும், அதற்கு மேல் 15எச் என்றும் வழங்கி வந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025-ம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துவதால் எண்கள் மாறுகின்றன. எண்ணை மறந்துவிட்டு, "வட்டிக்கு வரி பிடிக்காமல் இருக்கத் தரும் படிவம்" என்று கேளுங்கள்.

ரிட்டர்ன் போட்டால் உரிமைத் தொகை போய்விடுமா?

இந்தப் பயத்தாலேயே பணத்தைக் கேட்காமல் விடும் குடும்பங்கள் உண்டு. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-ல் வெளியிட்ட விதிகளில், ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ள குடும்பங்கள் விலக்கப்பட்டன. அதே போல, 2.5 லட்சத்துக்கு மேல் சம்பாதித்து, ரிட்டர்ன் தாக்கல் செய்து, வருமான வரியும் கட்டுபவர் உள்ள குடும்பங்களும் விலக்கப்பட்டன. பிடித்த பணத்தைத் திரும்ப வாங்குவதற்காக ரிட்டர்ன் போட்டதை மட்டும் அந்த விதி காரணமாகச் சொல்லவில்லை. குடும்ப வருமானம்தான் முக்கியம். ஆகவே ரிட்டர்னில் காட்டும் வருமானமும், விண்ணப்பத்தில் எழுதும் வருமானமும் ஒன்றாக இருக்கட்டும்.

தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

பான், ஆதார் இரண்டும் இணைந்திருக்க வேண்டும். இணைக்காததால் செயலிழந்த பான் எண்ணுக்கு ரீஃபண்ட் வராது, டி.டி.எஸ்.ஸும் கூடுதலாகப் பிடிப்பார்கள். 2023 ஜூன் 30-க்குப் பிறகு இணைப்பவர்களுக்கு 1,000 ரூபாய் கட்டணம்.

ஆதாருடன் இணைத்த மொபைல் கையில் இருக்க வேண்டும். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

அடுத்தது பெயர். நம் ஊரில் இது பெரிய தொல்லை. ஆதாரில் ஓர் எழுத்து இனிஷியல் இருக்கும். பான் கார்டில் அப்பாவின் முழுப் பெயர் சேர்ந்திருக்கும். வங்கிப் பாஸ் புத்தகத்தில் இனிஷியல் முன்னால் இருக்கும். கம்ப்யூட்டர் இவற்றை மூன்று வேறு ஆட்களாகப் பார்க்கும். ஆதார் இணைப்பும் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பும் தோல்வியடைய இது ஒரு முக்கியக் காரணம். முதலில் பெயர்களைத் திருத்தி ஒன்றாக்குங்கள்.

கம்ப்யூட்டரில் செய்யும் முறை

1. பிரவுசரைத் திறந்து முகவரிக் கட்டத்தில் வருமான வரித் துறையின் இணைய தள முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்: இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் (ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல்). 2021 ஜூன் 7 முதல் இயங்கும் தளம் இது. தேடலில் வரும் விளம்பர லிங்க்குகளை கிளிக் செய்ய வேண்டாம்.

2. முதல் முறை என்றால் "ரெஜிஸ்டர்" பட்டனை அழுத்துங்கள். உங்கள் பான் எண்ணே யூசர் ஐடி. மொபைல், இ-மெயில் இரண்டுக்கும் வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்து பாஸ்வேர்டு அமைத்துக்கொள்ளுங்கள்.

3. "மை புரொஃபைல்" பகுதியில் வங்கிக் கணக்கைச் சேர்த்து "வேலிடேட்" செய்யுங்கள். அதை ரீஃபண்டுக்கான கணக்காகவும் குறித்து வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் ரீஃபண்ட் அனுமதியாகியும் பணம் வந்து சேராது.

4. 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். என்ற இரண்டு அறிக்கைகளைப் பாருங்கள். உங்கள் பெயரில் யார், எவ்வளவு பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது 26ஏஎஸ்-ல் இருக்கும். வட்டி போன்ற மற்ற விவரங்கள் ஏ.ஐ.எஸ்.-ல் இருக்கும். டவுன்லோட் செய்த ஏ.ஐ.எஸ். பி.டி.எஃப். பாஸ்வேர்டு கேட்டால், பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, அதனுடன் பிறந்த தேதி, மாதம், ஆண்டை எட்டு இலக்கமாகச் சேர்த்து அடியுங்கள். நிறுவனம் பிடித்த தொகை 26ஏஎஸ்-ல் இல்லை என்றால் அவர்கள் அதைக் கட்டவில்லை, அல்லது பான் எண்ணைத் தவறாகக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள்.

5. "இ-ஃபைல்" மெனுவில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கலைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டு கேட்கும் இடத்தில் கவனம் தேவை. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை சம்பாதித்தது நிதியாண்டு 2025-26. அதற்கான மதிப்பீட்டு ஆண்டு 2026-27. திரையில் கேட்பது மதிப்பீட்டு ஆண்டை. பிறகு "ஆன்லைன்" முறையைத் தேர்ந்தெடுங்கள்.

6. படிவத்தைத் தேர்ந்தெடுங்கள். சம்பளம், பென்ஷன், வட்டி மட்டும் உள்ளவர்களுக்குப் படிவம் 1 (சஹஜ்). எளிய முறையில் கணக்குக் காட்டும் சிறு வியாபாரிகள், தொழில் செய்வோருக்குப் படிவம் 4 (சுகம்). முன்பு பார்த்த கன்சல்டன்டின் வருமானம் சம்பளம் ஆகாது. அவருக்கு சஹஜ் பொருந்தாது. தொழிலைப் பொறுத்து 4 அல்லது 3.

7. "ஏன் தாக்கல் செய்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி வரும். கேள்வி 1-ல் வருபவர்கள் வருமானம் வரம்பைத் தாண்டியது என்பதையும், கேள்வி 2-ல் வருபவர்கள் ஏழாவது நிபந்தனை (செவன்த் புரொவைசோ) என்பதையும் தேர்ந்தெடுக்கவும். ரீஃபண்டுக்காக மட்டும் தாக்கல் செய்பவர்கள் "அதர்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

8. பெரும்பாலான கட்டங்கள் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். உடன் ஒப்பிடுங்கள். டி.டி.எஸ். பிடிக்காத வட்டியையும் சேர்க்க வேண்டும். கடைசியில் "ரீஃபண்ட்" எதிரே உள்ள தொகை நீங்கள் கணக்கிட்டதுடன் ஒத்துப்போகிறதா என்று பார்த்து "சப்மிட்" செய்யுங்கள்.

9. சப்மிட் செய்ததும் எழுந்துவிடாதீர்கள். "இ-வெரிஃபை" பாக்கி இருக்கிறது. ஆதார் ஓ.டி.பி. கொடுத்தால் முடிந்தது. இதற்கு 30 நாள் அவகாசம். செய்யாவிட்டால் தாக்கல் செய்த ரிட்டர்ன் செல்லாது. ஆதார் மொபைல் இல்லாதவர்கள் நெட் பேங்கிங் வழியாகச் செய்யலாம். அல்லது ஒப்புகைப் படிவத்தை அச்சிட்டு, கையெழுத்துப் போட்டு, பெங்களூரில் உள்ள மத்திய பரிசீலனை மையத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம்.

கடைசி நாளும் தவறிய ஆண்டுகளும்

சம்பளக்காரர்களுக்கும் வட்டி வருமானக்காரர்களுக்கும் வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. சில ஆண்டுகளில் அரசு தள்ளி வைக்கும். 2025-ல் செப்டம்பர் 16 வரை நீட்டித்தார்கள். தவறவிட்டவர்கள் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். ரிட்டர்ன் கட்டாயம் இல்லாதவர்களுக்கு, ரீஃபண்டுக்காகத் தாமதமாகப் போட்டாலும் தாமதக் கட்டணம் இல்லை. ரீஃபண்ட் தொகைக்கு மாதம் அரை சதவீதம் வட்டியும் உண்டு; தாமதமாகப் போட்டால் வட்டி குறையும்.

டிசம்பர் 31-ம் போய்விட்டால் ரீஃபண்ட் கேட்பது கடினம். பிறகு போடும் "அப்டேட்டட் ரிட்டர்ன்" வழியாக ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்துக்கான காரணத்தை விளக்கி மன்னிப்பு மனு கொடுக்கலாம். 2024 அக்டோபரில் வெளியான சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் இந்த மனுவைக் கொடுக்க வேண்டும்.

ஏமாற வேண்டாம்

* "உங்கள் ரீஃபண்ட் தயார், கிளிக் செய்க" என்று வரும் எஸ்.எம்.எஸ்., இ-மெயில் லிங்க்குகளைத் திறக்காதீர்கள். ரீஃபண்ட் நிலையை இணைய தளத்தில் லாகின் செய்து மட்டும் பாருங்கள்.

* "பத்தாயிரம் அதிகமாக வாங்கித் தருகிறேன், பாதி கமிஷன்" என்பவர்களை நம்பாதீர்கள். இல்லாத வாடகையையும் நன்கொடையையும் காட்டித்தான் வாங்குவார்கள். பிடிபட்டால் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு, ஏய்த்த வரியில் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு.

* பிரவுசிங் சென்டரில் செய்தால் பாஸ்வேர்டை "சேவ்" செய்யாதீர்கள். வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்து, டவுன்லோட் செய்த ஃபைல்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். சென்டர்காரரின் இ-மெயிலையும் மொபைல் எண்ணையும் உங்கள் கணக்கில் பதிய விடாதீர்கள். பதிந்துவிட்டால் துறை அனுப்பும் தகவல் எதுவும் உங்களுக்கு வராது.

அமெரிக்காவில் பகுதி நேர வேலை செய்யும் நம் மாணவர்களுக்கும் இதே பாடம்தான். சம்பளம் குறைவாக இருந்து, மாநில வரி பிடித்திருந்தால், அந்த மாநிலத்தில் ரிட்டர்ன் போட்டால்தான் அந்தப் பணம் திரும்ப வரும். எந்த நாடாக இருந்தாலும், எவ்வளவு வரி என்று கேட்பதுடன், எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்றே லாகின் செய்து உங்கள் 26ஏஎஸ்-ஐ மட்டும் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. அதில் ஒரு தொகை இருந்து, வரி கட்டும் வருமானம் உங்களுக்கு இல்லையென்றால், உடனே ரிட்டர்னைத் தொடங்கிவிடுங்கள். வீட்டில் வைப்புத் தொகை வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடையதையும் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்துக் கொடுங்கள்.